பிரெஞ்சு மொழியில் நிபந்தனை வினை: அமைக்கும் முறையும் ஆளும் இடங்களும்

பிரெஞ்சு கற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே மாணவர் அனைவரும் ஒரு நிபந்தனை வினையைத் தம்மை அறியாமல் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். கடையில் ஒரு பொருளைக் கேட்பதற்கான 'ஜெ வூத்ரெ' என்னும் தொடர்தான் அது. பிரெஞ்சு இலக்கணம் 'கோந்திசியொனெல்' என்று அழைக்கும் இவ்வினை வடிவம் பாடநூலில் முறையாக விளக்கப்படுவதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. அதற்குள் எதிர்காலம், ஆம்பார்ஃபெ எனப்படும் தொடர் இறந்தகாலம் முதலிய பல வடிவங்கள் சேர்ந்துவிடுவதால், இதையும் புதிய சுமையாகவே மாணவர் எண்ணுகின்றனர். உண்மையில் இதில் புதிதாக மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லை. ஏற்கெனவே கற்ற இரண்டு வடிவங்களைச் சேர்த்து ஒட்டினால் போதும். வடிவத்தைவிட, வாக்கியத்தின் எந்தப் பாதியில் அதை வைப்பது என்பதே தமிழருக்குச் சிக்கலாக அமைகிறது. ஆகவே இக்கட்டுரை அமைக்கும் முறையைச் சற்று விரைவாகவும், ஆளும் முறையைச் சற்று நிதானமாகவும் விளக்குகிறது.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. பிரெஞ்சுச் சொற்கள் இங்கே ஒலிப்புக்கு ஏற்பத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. எழுத்துக்கூட்டலைக் காட்ட வேண்டிய இடங்களில் ரோமன் எழுத்துகளின் பெயர்களை, நாம் ஆங்கில வகுப்பில் சொல்லிப் பழகிய விதத்திலேயே, ஏ, ஈ, ஐ, ஆர், எஸ் என்று எழுதியுள்ளேன். பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே அறிவது அவசியம்.

அடியும் ஈறும்

நிபந்தனை வினையின் அடி எதிர்கால வினையிடமிருந்தும், அதன் ஈறு ஆம்பார்ஃபெயிடமிருந்தும் வருகின்றன. 'பார்லே' (பேசு) என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். 'நான் பேசுவேன்' என்பது 'ஜெ பார்லரே'. இதன் கடைசியில் உள்ள ஏ-ஐ என்னும் இரண்டு எழுத்துகளை நீக்கினால் ஆர் எழுத்தில் முடியும் அடி கிடைக்கும். அந்த அடியோடு ஆம்பார்ஃபெயின் ஆறு ஈறுகளை வரிசையாகச் சேர்க்க வேண்டும். நான் என்பதற்கும் நீ என்பதற்கும் ஏ-ஐ-எஸ். அவன், அவள் என்பவற்றுக்கு ஏ-ஐ-டி. நாங்கள் என்பதற்கு ஐ-ஓ-என்-எஸ். நீங்கள் என்பதற்கு ஐ-ஈ-இசட். அவர்கள் என்பதற்கு ஏ-ஐ-ஈ-என்-டி. இவ்வாறு அமையும் வடிவங்களை வாய்விட்டுச் சொன்னால் ஜெ பார்லரெ, த்யு பார்லரெ, இல் பார்லரெ, நூ பார்லரியோன், வூ பார்லரியே, இல் பார்லரெ என்று வரும். எழுத்தில் ஐந்து வேறு ஈறுகள் இருந்தாலும், காதுக்குக் கேட்பவை மூன்றே என்பதைக் கவனிக்கவும்.

ஈ-ஆர் எழுத்துகளில் முடியும் வினைகளுக்கும் ஐ-ஆர் எழுத்துகளில் முடியும் வினைகளுக்கும் முழு வினைச்சொல்லே அடியாகும். 'ஃபினீர்' (முடி) என்பது 'ஜெ ஃபினிரெ' ஆகிறது. ஆர்-ஈ எழுத்துகளில் முடிபவை கடைசி ஈ எழுத்தை மட்டும் இழக்கும். ஆகவே 'வாந்த்ர்' (விற்பனை செய்) என்பது 'ஜெ வாந்த்ரெ' ஆகிறது. எந்த வினையாக இருந்தாலும் ஈற்றுக்கு முன் ஓர் ஆர் எழுத்து நிற்கும். நிபந்தனை வினைக்கும் ஆம்பார்ஃபெக்கும் இடையே ஒலியில் பெரும்பாலும் அந்த ஆர் எழுத்தே வேறுபாடு. 'இல் பார்லெ' என்றால் அவன் பேசிக்கொண்டிருந்தான். 'இல் பார்லரெ' என்றால் அவன் பேசியிருப்பான் அல்ல, பேசக்கூடும், வாய்ப்பு அமைந்தால் பேசுவான்.

ஆர் எழுத்தைக் கண்டவுடனே நிபந்தனை வினை என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. 'ப்ரெபாரே' (தயார் செய்) என்னும் வினையின் அடியிலேயே ஓர் ஆர் இருக்கிறது. அதனால் 'ஜெ ப்ரெபாரெ' என்பது ஆம்பார்ஃபெ, 'ஜெ ப்ரெபாரரெ' என்பதே நிபந்தனை வினை. 'கூரிர்' (ஓடு), 'மூரிர்' (இற) ஆகிய இரண்டும் இன்னும் நுட்பமானவை. ஆம்பார்ஃபெயில் இவற்றுக்கு ஓர் ஆர், நிபந்தனை வினையில் இரண்டு ஆர். எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். பேசும்போது அந்த இரட்டை ஆர் எழுத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் அழுத்தியே ஒலிப்பார்கள்.

இந்த ஒட்டுவேலை ஏன் இப்படி அமைந்தது என்று கேட்பவருக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. பேச்சு வழக்கு இலத்தீனில் எதிர்காலத்தைச் சொல்ல, செய்யவேண்டிய வினையை முதலில் சொல்லி, 'கொண்டிருக்கிறேன்' என்னும் பொருளுடைய துணைவினையை அதன்பின் சேர்த்தனர். அந்தத் துணைவினை தேய்ந்து எதிர்கால ஈறாயிற்று. அதே துணைவினையின் இறந்தகால வடிவம், 'கொண்டிருந்தேன்' என்பது, தேய்ந்து நிபந்தனை வினையின் ஈறாயிற்று. எனவேதான் அடி எதிர்காலத்தோடும் ஈறு இறந்தகாலத்தோடும் ஒத்துப்போகின்றன. பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்றான, 842 ஆம் ஆண்டின் ஸ்திராஸ்பூர் உறுதிமொழியிலேயே இவ்வாறு பிறந்த எதிர்கால வினைகள் காணப்படுகின்றன. வலான்சியென் நகர நூலகத்தில் உள்ள, சுமார் 880 ஆம் ஆண்டைச் சேர்ந்த, ஒரு புனிதப் பெண்ணைப் பற்றிய பழம்பாடலில் நிபந்தனை வினையும் வந்துவிடுகிறது. இது எதிர்காலத்தை இறந்தகாலத்தில் நின்று நோக்கும் வினை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் பயன்பாடுகள் பலவும் எளிதில் விளங்கும்.

பழைய அச்சுப் பதிப்புகளைப் புரட்டுபவர்கள் இந்த ஈறுகளில் ஏ எழுத்துக்குப் பதிலாக ஓ எழுத்து இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். பிரெஞ்சு மொழியைப் பேணும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி 1835 ஆம் ஆண்டு வெளியிட்ட அகராதிப் பதிப்பில்தான் இன்றைய எழுத்துக்கூட்டலை ஏற்றது. அதற்கு முந்தைய நூல்களில் ஓ-ஐ-எஸ் என்றே இருக்கும்.

ஒழுங்கு மீறும் அடிகள்

ஈறுகளில் விதிவிலக்கே கிடையாது. விதிவிலக்குகள் அனைத்தும் அடியில்தான் உள்ளன. அவையும் எதிர்காலத்துக்காக ஏற்கெனவே படித்தவையே. மிகுதியாகப் பயன்படும் வினைகளே ஒழுங்கு மீறுகின்றன என்பதால், இவற்றை ஒத்திப்போட வழியில்லை.

'எத்ர்' (இரு) என்பதன் அடி எஸ்-ஈ-ஆர், எனவே 'ஜெ ஸரெ'. 'அவ்வார்' (உடையவராயிரு) என்பதன் அடி ஏ-யு-ஆர், எனவே 'ஜோரெ'. 'அலே' (போ) என்பது முற்றிலும் உருமாறி ஐ-ஆர் என்னும் இரண்டே எழுத்துகளாகிறது, எனவே 'ஜிரெ'. 'ஃபெர்' (செய்) என்பது 'ஜெ ஃபரெ' ஆகிறது. 'ஸவ்வார்' (அறி) என்பது 'ஜெ ஸோரெ' ஆகிறது. டி (D) எழுத்து இடையில் புகும் வினைகள் ஒரு குழு. 'வூல்வார்' (விரும்பு) என்பது 'ஜெ வூத்ரெ', 'வெனீர்' (வா) என்பது 'ஜெ வியாந்த்ரெ', 'தெனீர்' (பிடி) என்பது 'ஜெ தியாந்த்ரெ', வேண்டியிருப்பதைக் குறிக்கும் 'ஃபல்வார்' என்பது 'இல் ஃபோத்ரெ'. ஆர் எழுத்து இரட்டிப்பவை மற்றொரு குழு. 'பூவ்வார்' (இயலு) என்பது 'ஜெ பூரெ', 'வுவார்' (காண்) என்பது 'ஜெ வெரெ', 'ஆன்வுவாயே' (அனுப்பு) என்பது 'ஜான்வெரெ'. 'தெவ்வார்' (கடமைப்படு) என்பது 'ஜெ தெவ்ரெ' ஆகவும், 'ரஸவ்வார்' (பெறு) என்பது 'ஜெ ரஸெவ்ரெ' ஆகவும் வரும்.

எழுத்துக்கூட்டலில் மட்டும் சிறிது மாறும் வினைகளும் சில உண்டு. 'அப்லே' (அழை) என்பதில் எல் எழுத்து இரட்டிக்கிறது. 'ஜதே' (எறி) என்பதில் டி எழுத்து இரட்டிக்கிறது. 'அஷ்தே' (வாங்கு) என்பதில் எழுத்து இரட்டிக்காமல், இடப்புறம் சாய்ந்த குறி ஈ எழுத்தின் மேல் ஏறுகிறது. 'நெத்வாயே' (சுத்தம் செய்) போன்றவற்றில் ஒய் எழுத்து ஐ ஆகிறது. முதல் ஆண்டிலேயே இவற்றில் மூழ்கிக் கிடக்க வேண்டியதில்லை.

ஒலிப்பில் ஒரு பொறி

எதிர்காலத்தின் 'ஜெ பார்லரே' என்பதற்கும் நிபந்தனையின் 'ஜெ பார்லரெ' என்பதற்கும் இடையே இலக்கணப்படி ஒலிப்பு வேறுபாடு உண்டு. முன்னது வாயை ஒடுக்கிச் சொல்லும் ஒலி, பின்னது வாயை அகலத் திறந்து சொல்லும் ஒலி. ஆனால் பிரான்சின் பல பகுதிகளில் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். அதனால் பிரெஞ்சுக்காரரே எழுதும்போது எஸ் எழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று தடுமாறுவது சாதாரணம். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சோதனை நமக்கும் பயன்படும். ஐயம் வந்தால் 'நான்' என்பதை நீக்கி 'நீ' என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். 'த்யு ஸரா' என்று வாய் தானாகச் சொன்னால் அது எதிர்காலம், எனவே எஸ் இல்லை. 'த்யு ஸரெ' என்று வந்தால் அது நிபந்தனை, எனவே எஸ் உண்டு. 'நாங்கள்', 'நீங்கள்' வடிவங்களில் இக்குழப்பம் எழுவதில்லை. எதிர்காலத்தில் 'பார்லரோன்', நிபந்தனையில் 'பார்லரியோன்' என்று ஐ எழுத்தின் ஒலி தெளிவாகக் கேட்கும்.

'ஸி' வரும் வாக்கியங்கள்

இனி தமிழர் மிகுதியாகத் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். தமிழில் நிபந்தனையின் அடையாளம் நிபந்தனையைச் சொல்லும் பாதியிலேயே நிற்கிறது. 'மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்' என்பதில் 'பெய்தால்' என்னும் சொல்லின் 'ஆல்' விகுதியே நிபந்தனை. 'இருப்பேன்' என்பதோ சாதாரண எதிர்கால முற்று. நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' என்று குறிப்பிடுவதும் இந்தப் பாதியில் வரும் வினையையே. பிரெஞ்சு இதற்கு நேர் எதிர். அங்கே 'என்றால்' என்னும் பொருள் தரும் 'ஸி' என்ற இடைச்சொல் நிபந்தனைப் பாதியின் தலையில் வருகிறது. அதைத் தொடரும் வினை சாதாரண வினையே. நிபந்தனை வினை எனப் பெயர் பெற்றது, விளைவைச் சொல்லும் மறு பாதியில்தான் அமர்கிறது. தமிழ்ப் பழக்கத்தில் 'ஸி' என்பதன் பின்னே நிபந்தனை வினையை வைத்துவிடுவது எளிது. அது பிரெஞ்சுச் செவிக்கு உடனே உறுத்தும் பிழை.

இந்தப் பிழையைச் செய்பவர் நாம் மட்டுமல்லர். பிரெஞ்சுக் குழந்தைகளும் செய்கின்றனர். அவர்களைத் திருத்த ஆசிரியர்கள் 'லெ ஸி நெம் பா லெ ரெ' என்று ஒரு சிலேடை சொல்வதுண்டு. 'ஸி' என்பது ரம்பத்தையும் 'ரெ' என்பது ஒரு வகைத் திருக்கை மீனையும் ஒலியால் நினைவூட்டுவதால், ரம்பங்களுக்குத் திருக்கைகளைப் பிடிக்காது என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டே விதியை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

விதி மூன்று படிகளாக அமைகிறது. நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லும்போது 'ஸி' என்பதன் பின் நிகழ்காலமும், விளைவில் எதிர்காலமும் வரும். இதில் நிபந்தனை வினைக்கு இடமே இல்லை. 'ஸில் ப்ளே, ஜெ ரெஸ்தரே அ லா மெஸோன்' என்றால் மழை பெய்தால் வீட்டில் இருப்பேன், வானம் மேகமாகத்தான் இருக்கிறது என்று பொருள். இரண்டாம் படியில், இப்போது உண்மையில்லாத ஒன்றையோ நடக்க வாய்ப்புக் குறைந்த ஒன்றையோ கற்பனையாகச் சொல்கிறோம். இங்கே 'ஸி' என்பதன் பின் ஆம்பார்ஃபெயும், விளைவில் நிபந்தனை வினையும் வரும். 'ஸி ஜவெ லெ தாம், ஜெ வியாந்த்ரெ' என்றால் எனக்கு நேரம் இருந்தால் வருவேன், ஆனால் இல்லை. மூன்றாம் படியில், கடந்துபோன ஒன்றை வேறு விதமாக நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறோம். இங்கே 'ஸி' என்பதன் பின் ப்ளுகபார்ஃபெ எனப்படும் தொலை இறந்தகாலமும், விளைவில் இறந்தகால நிபந்தனை வினையும் வரும். 'ஸி ஜவெ ஸ்யு, ஜெ ஸரெ வென்யு' என்றால் எனக்குத் தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.

மூன்று படிகளுள் மூன்றாவதே தமிழருக்கு மிக எளிது என்பது என் கருத்து. பாடநூல்கள் அதைக் கடினமானதாகக் கருதிக் கடைசியில் வைக்கின்றன. ஆயினும் 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்னும் நம் வாக்கியத்தில் இரண்டு பாதியிலும் 'இரு' என்னும் துணைவினை நிற்பது போலவே, பிரெஞ்சிலும் இரண்டு பாதியிலும் துணைவினை நிற்கிறது. உறுப்புக்கு உறுப்பு பொருத்திவிடலாம். உண்மையில் கடினமானது இரண்டாம் படியே. 'நேரம் இருந்தால் வருவேன்' என்னும் ஒரே தமிழ் வாக்கியம், நாளை நேரம் கிடைக்கக்கூடும் என்னும் முதல் படிக்கும், நேரமே இல்லையே என்னும் இரண்டாம் படிக்கும் பொதுவாக நிற்கிறது. தமிழில் குரலும் சூழலும் காட்டும் வேறுபாட்டைப் பிரெஞ்சில் வினை வடிவம் காட்டியாக வேண்டும். எனவே வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே, இது நடக்கும் என்று நினைக்கிறேனா, வெறும் கற்பனையா என்று மனத்துக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கற்பனையைச் சொல்ல 'ஸி' என்பதன் பின் ஏன் இறந்தகாலம் வருகிறது என்று திகைப்பவர்கள் தமிழ் வினைகளைச் சற்று உற்றுப் பார்க்கலாம். வந்தால், செய்தால், ஓடினால் என்பவற்றில் 'ஆல்' விகுதி ஒட்டியிருப்பதும் வந்து, செய்து, ஓடி என்னும் இறந்தகால அடிகளோடுதான். நாளை நடக்கப்போவதைச் சொல்லும்போதும் அப்படியே.

இரண்டு பாதிகளையும் இடம் மாற்றி வைக்கலாம். 'ஸி' முன்னால் வந்தால் இடையில் காற்புள்ளி இடுவர், பின்னால் வந்தால் பெரும்பாலும் இடுவதில்லை. 'இல்' (அவன்) என்னும் சொல்லுக்கு முன் 'ஸி' சுருங்கி 'ஸில்' ஆகும். 'எல்' (அவள்) என்பதற்கு முன் சுருங்காது. இரண்டாம், மூன்றாம் படிகளைக் கலக்கவும் செய்யலாம். 'நான் மருத்துவம் படித்திருந்தால் இப்போது ஊரில் இருப்பேன்' என்பது போல, காரணம் கடந்த காலத்திலும் விளைவு இன்றும் இருந்தால், முதல் பாதியில் ப்ளுகபார்ஃபெயும் மறு பாதியில் நிகழ்கால நிபந்தனை வினையும் வரும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. 'ஸி' என்பது 'என்றால்' என்னும் பொருளில் அல்லாமல் 'வருவாரா என்று தெரியவில்லை' என்பதில் உள்ள ஐயப்பொருளில் வந்தால், அதன்பின் நிபந்தனை வினை வரலாம். 'ஜெ ந ஸவெ பா ஸில் வியாந்த்ரெ' என்பது பிழையற்ற வாக்கியம். அங்கே அவர் வருவாரா என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பொருள்.

இறந்தகால நிபந்தனை

மூன்றாம் படியில் குறிப்பிட்ட இறந்தகால நிபந்தனை வினையை அமைப்பது எளிது. 'அவ்வார்' அல்லது 'எத்ர்' என்னும் துணைவினையை நிபந்தனை வடிவில் வைத்து, முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தை அதன்பின் சேர்க்க வேண்டும். 'ஜோரெ அஷ்தே' என்றால் வாங்கியிருப்பேன். 'ஜெ ஸரெ அலே' என்றால் போயிருப்பேன். எந்த வினைக்கு எந்தத் துணைவினை என்பதும், 'எத்ர்' வரும்போது எச்சம் பெண்பாலுக்கும் பன்மைக்கும் ஏற்ப மாறும் என்பதும் சாதாரண இறந்தகாலத்தில் கற்ற விதிகளே.

நடைமுறைப் பேச்சில் இவ்வடிவம் 'ஸி' இல்லாமலேதான் மிகுதியாக வருகிறது, அதுவும் வருத்தத்தையும் குறைகூறலையும் சுமந்துகொண்டு வருகிறது. 'ஜோரெ த்யு' என்று மட்டும் சொல்லிப் பெருமூச்சு விட்டால் 'செய்திருக்க வேண்டும், செய்யாமல் விட்டேன்' என்று பொருள். 'த்யு ஓரெ ப்யு ம ப்ரெவ்னீர்' என்றால் 'எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே' என்னும் குறை. 'இல் ஓரெ ஃபல்யு' என்பது யாரையும் சுட்டாமல் 'செய்திருக்க வேண்டும்' என்று சொல்வது. இம்மூன்றையும் வாய்ப்பாடாகவே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

பணிவுக்கு

'ஸி' வாக்கியத்தைவிடப் பன்மடங்கு அன்றாடத் தேவை பணிவுக்கே. பாரிஸில் ஒரு ரொட்டிக் கடையில் நுழைந்து, 'போன்ஜூர்' என்று வணக்கம் சொன்னபின், 'ஜெ வூத்ரெ யூன் பகெத், ஸில் வூ ப்ளெ' என்று கேட்பதே முறை. நிகழ்காலத்தில் 'ஜெ வே' என்றால் 'எனக்கு வேண்டும்' என்று அடம்பிடிக்கும் குழந்தையின் குரலாகத் தொனிக்கும். உதவி கேட்க 'பூரியே வூ மெதே?' என்றும், உணவகத்தில் இடம் கேட்க 'ஓரியே வூ யூன் தாப்ள் பூர் தெ?' என்றும் சொல்வர். நம்மிடமும் இந்த நகர்வு உண்டு. 'பேனா இருக்கிறதா?' என்பதைவிட 'பேனா இருக்குமா?' என்பது பணிவாக இருக்கிறது. நிகழ்காலத்திலிருந்து ஓரடி விலகி நின்றால் கேள்வியின் கூர்மை மழுங்குகிறது. பிரெஞ்சுக்காரர் எதிர்மறையாகவும் கேட்பர். 'வூ நோரியே பா ஆன் ஸ்திலோ?' என்பதில் மறுப்பதற்கான வழியையும் கேட்பவரே திறந்து வைத்துவிடுகிறார்.

அறிவுரை சொல்வதும் இதே இயல்புடையது. 'த்யு தெவ்ரெ த ரபோஸே' என்றால் நீ ஓய்வெடுக்க வேண்டும் என்று மென்மையாகச் சொல்வது. 'த்யு த்வா' என்று நிகழ்காலத்தில் சொன்னால் அது கட்டளை. 'அ தா ப்ளாஸ், ஜெ ரஃப்யூஸரெ' என்பது 'உன் இடத்தில் நானாக இருந்தால் மறுத்துவிடுவேன்' என்பதற்குரிய தொடர். இதில் 'ஸி' இல்லாமலே நிபந்தனை உள்ளடங்கி நிற்கிறது.

பிறர் சொன்னதைச் சொல்ல

நேற்று ஒருவர் 'வருவேன்' என்று சொன்னார். அதை இன்று நான் எடுத்துச் சொல்லும்போது, அந்த எதிர்காலம் கடந்துபோன ஒரு நேரத்திலிருந்து பார்த்த எதிர்காலமாகிவிடுகிறது. 'இல் அ தீ கில் வியாந்த்ரா' என்று எதிர்காலத்தையே வைத்தால் அவர் இனிமேல் வரக்கூடும் என்னும் குறிப்புத் தோன்றும். 'இல் அ தீ கில் வியாந்த்ரெ' என்பதே பொது விதி. இங்கே நிபந்தனையும் இல்லை, கற்பனையும் இல்லை. அடியும் ஈறும் பிறந்த வரலாற்றை நினைவுகூர்ந்தால் இது புதிராக இராது. இத்தகைய பயன்பாட்டைக் கருதித்தான் இன்றைய மொழியியலார் பலர் இதைத் தனி வினைப்பாங்காக எண்ணாமல், செய்தியை உள்ளபடி சொல்லும் உறுதிப்பாங்கின் காலங்களுள் ஒன்றாக வைக்கின்றனர். பழைய பாடநூல்கள் தனிப் பாங்காகவே பிரித்துக் காட்டும். எந்தப் பெயரிட்டாலும் வடிவம் ஒன்றே என்பதால் மாணவர் இந்த வழக்கில் தலையிட வேண்டியதில்லை.

செய்தித்தாள்களில்

பிரெஞ்சு நாளிதழ்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பயன்பாடு ஒன்று உண்டு. உறுதி செய்யப்படாத செய்தியை இதழாளர்கள் நிபந்தனை வினையில் எழுதுகின்றனர். 'லெ மினிஸ்த்ர் தெமிஸியோனரெ' என்று ஒரு தலைப்பைக் கண்டால், அமைச்சர் ஏதோ நிபந்தனையின் பேரில் பதவி விலகுவார் என்று பொருள் கொள்ளக் கூடாது. அமைச்சர் பதவி விலகப்போகிறாராம் என்பதே பொருள். 'லாக்ஸிதான் ஓரெ ஃபெ த்ருவா ப்லெஸே' என்றால் விபத்தில் மூவர் காயமடைந்தனராம். தமிழின் 'ஆம்' விகுதிக்கு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் வேறொரு பிரெஞ்சு வடிவம் கிடையாது. ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு கற்பவர் இதற்கு நீண்ட விளக்கம் தேட வேண்டியிருக்க, தமிழர் ஒரே விகுதியில் புரிந்துகொள்கிறார். மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே 'ஆம்' விகுதியையோ 'என்று கூறப்படுகிறது' என்பதையோ விடாமல் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் வதந்தி உறுதியான செய்தியாகிவிடும்.

இவற்றோடு, மிகுதியாகக் கேட்கும் சில தொடர்களையும் பழகிக்கொள்ளலாம். 'ஓன் திரெ கில் வா ப்ளவ்வார்' என்றால் மழை வரும்போல் இருக்கிறது. 'ஓ கா ஊ' (ஒருவேளை) என்பதன் பின் நிபந்தனை வினையே வரும், 'ஸி' என்பதைப் போல ஆம்பார்ஃபெ வராது. 'ஓ கா ஊ த்யு ஓரெ ஃபான்' என்றால் ஒருவேளை உனக்குப் பசித்தால் என்று பொருள். சிறுவர்கள் விளையாடும்போது வேடங்களைப் பங்கிடுவதும் இதிலேயே. 'முவா, ஜெ ஸரெ லா மெத்ரெஸ்' என்று ஒரு சிறுமி சொன்னால், 'நான்தான் டீச்சராம்' என்கிறாள். நம் பிள்ளைகளும் இங்கே அதே 'ஆம்' விகுதியைத்தான் கையாள்கின்றனர்.

கூடாத இடம்

பழைய வழக்கத்தைச் சொல்லும்போது நிபந்தனை வினையைப் பயன்படுத்தக் கூடாது. 'சிறு வயதில் நாள்தோறும் ஆற்றுக்குப் போவேன்' என்று தமிழில் எதிர்கால முற்றால் சொல்கிறோம், ஆங்கிலத்திலும் நிபந்தனைக்குரிய துணைவினையே இவ்விடத்தில் வருகிறது. இரண்டு மொழிகளும் ஒருசேர நம்மைத் தவறான திசையில் தள்ளுகின்றன. பிரெஞ்சில் இதற்கு ஆம்பார்ஃபெ மட்டுமே உரியது, 'ஜலெ' என்று சொல்ல வேண்டுமே தவிர 'ஜிரெ' என்று சொல்லக் கூடாது. 'முடிந்தது' என்பதிலும் இதே கவனம் தேவை. முன்பு என்னால் முடிந்தது என்றால் 'ஜெ பூவெ'. இப்போது வேண்டுமானால் முடியும் என்றால் 'ஜெ பூரெ'.

பயிற்சி செய்யும் முறை

பத்து வினைகளைப் பட்டியலிட்டு ஆறு இடங்களுக்கும் அட்டவணை எழுதுவது முதல் நாளுக்கு மட்டும் போதும். அதன்பின், ஒரே 'ஸி' பாதியை வைத்துக்கொண்டு மூன்று படிகளிலும் வாக்கியத்தை முடித்துப் பழகுவது அதிகப் பயன் தரும். 'பணம் இருக்கிறது' என்னும் கருத்தை எடுத்து, 'ஸி ஜே த லர்ஜான்' என்று தொடங்கி எதிர்காலத்தில் முடிக்கவும். பின்பு 'ஸி ஜவெ த லர்ஜான்' என்று மாற்றி நிபந்தனையில் முடிக்கவும். அதன்பின் 'ஸி ஜவெ யூ த லர்ஜான்' என்று மாற்றி இறந்தகால நிபந்தனையில் முடிக்கவும். எழுதுவதைவிட உரக்கச் சொல்வது நல்லது, ஏனெனில் 'ஸி' என்பதன் பின் 'ரெ' ஒலி கேட்கும்போது காதே எச்சரிக்கும் அளவுக்குப் பழக்கம் ஏற வேண்டும். ஏதேனும் ஒரு பிரெஞ்சு நாளிதழின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒரு செய்தியில் வரும் நிபந்தனை வினைகளை எல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் 'ஆம்' விகுதியா, பிறர் கூற்றா, கற்பனையா என்று ஓரத்தில் குறித்துவைக்கலாம். பழைய இலக்கியத்தில் 'ஜோரெ எமே' என்பதற்குப் பதிலாக 'ஜுஸ் எமே' என்னும் வடிவம் எதிர்ப்பட்டால், அதுவும் இறந்தகால நிபந்தனையின் ஏட்டு வழக்கே என்று அறிந்து கடந்துசெல்லலாம். அதைப் பேச வேண்டிய தேவை இன்று எவருக்கும் எழாது.